டங் விழும் இடம்

எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் ஒரு சுத்தியல் கிடக்கிறது. வேப்பங்கட்டைப் பிடி. இரும்புத் தலையில் ஒரு மூலை மழுங்கியிருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது, மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் தென்னையெல்லாம் சீவித் தள்ளியதுபோலப் படுத்துவிட்டது. கொல்லைக் கொட்டகையின் தகரம் பக்கத்து வயலில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து அப்பா இந்தச் சுத்தியலால்தான் மறுபடியும் ஆணி அடித்தார். அவர் மட்டுமில்லை, தெருவே அடித்தது. அப்புறம் ஆறு மாதத்துக்கு எங்கள் ஊரில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்ட தாளம் அது ஒன்றுதான்.

2019 மே கடைசியில் அதே தெருவில் எல்லார் கைப்பேசியிலும் ஒரு சுத்தியல் படம் வந்தது. கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பொறியியல் படிக்கிறவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம் ஆள் ஒருவர், இதன் பெயர் சுத்தியல், எதிலாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்று பதில் போட்டார். நேசமணி என்பது 2001-இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் என்று தெரியாதவர்கள் அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். மே 29-ஆம் தேதி நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்துவிட்டது. படம் வந்து 18 வருடம் ஆகியிருந்தது.

புயலுக்கு அப்புறம் அப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதனால்தான் அந்த மீம் எனக்கு வெறும் மீமாகத் தெரிவதில்லை. அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலைந்து வருடமாக மனதில் இருந்தது. இந்தப் பொங்கலுக்குச் செய்துவிட்டேன். அந்தச் சுத்தியல் காட்சியைத் தவில் தாளத்துக்கு ரீமிக்ஸ் செய்ய, தானாகவே வெட்டி, தானாகவே தாளத்தில் கோத்து, தானாகவே வீடியோவாக எழுதித் தருகிற ஒரு நிரல். அது எப்படி வந்தது, எங்கே தடுக்கி விழுந்தது, எங்கள் தெருத் தவில்காரத் தாத்தா அதை எப்படித் தூக்கி நிறுத்தினார் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். ராத்திரி எனக்காகப் பைத்தான் மொழியில் கொஞ்சம் நிரல் எழுதுவேன். ரீமிக்ஸைக் கையாலேயே செய்ய முடியாதா என்று தம்பி கேட்டான். செய்யலாம். ஆனால் தாளத்துக்குப் படம் வெட்டுவது என்றால் இரண்டு நிமிட வீடியோவுக்கே இருநூறு வெட்டு வந்துவிடும். ஒவ்வொன்றையும் இழுத்து, ஒட்டி, திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். முடித்த அன்றைக்கே எதிர்வீட்டுச் சின்னவன் வந்து “அக்கா, நானும் வர்றேன்” என்பான். அவனைச் சேர்த்தால் மொத்தத்தையும் மறுபடி வெட்ட வேண்டும். யார் வந்து கேட்டாலும் சரி என்று சொல்ல எனக்கு ஆசை. அதற்காகத்தான் தானியங்கி.

முதல் வடிவத்தில் படத்திலிருந்தே கிளிப் எடுத்தேன். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே காப்புரிமைத் தடை வந்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அவர்களுடைய படம், அவர்களுடைய உழைப்பு. சரி, மேலிருந்து தலையில் சுத்தியல் விழுவதை நாமே நடித்து எடுத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணினேன். இப்போது நினைத்தால் அந்தத் தடை வந்ததே நல்லது.

தலையில் போட நிஜச் சுத்தியல் ஆகாது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்கு நெட்டி மாலை கட்டுவார்கள் அல்லவா, அதற்கு வாங்கிய நெட்டி வீட்டில் இருந்தது. குளங்களில் விளைகிற அந்த வெள்ளைத் தண்டுக்கு எடையே கிடையாது. தஞ்சாவூரில் இதே நெட்டியில் பெரிய கோயிலையே செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். தண்டுகளைச் சேர்த்து ஒட்டி, பிளேடால் சீவி, கறுப்புச் சாயம் பூசியதும் அசல் சுத்தியல் மாதிரியே ஆகிவிட்டது. அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அடியே, பஞ்சு மாதிரில்ல இருக்கு, என் தலையிலயே மொதல்ல போடு” என்று கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டார். அவருக்கு 58 வயது. பரண் ஏணியில் ஏறித் தம்பி சுத்தியலை நழுவவிட்டான். அத்தை அண்ணாந்து பார்த்து, கண்ணை இறுக்கி மூடி, “அய்யோ” என்று ஒரு இழுப்பு இழுத்தார். அந்த ‘யோ’ மேலே தொடங்கி வளைந்து வளைந்து கீழே இறங்கியது. மொத்த வீடியோவுக்கும் அந்த ஒரு குரல்தான் முதுகெலும்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மொத்தம் 23 பேர் வந்தார்கள். பால்காரர், அங்கன்வாடி டீச்சர், எதிர்வீட்டுச் சின்னவன், நடவுக்குப் போய்விட்டுச் சேற்றுக் காலோடு வந்த இரண்டு சித்திமார், கடைசியாக அப்பா.

நெட்டிக்குச் சத்தம் கிடையாது. டங் தனியாகப் பதிய வேண்டும். மாடத்துச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊரைச் சுற்றினேன். கும்பகோணத்தில் வாங்கிய பித்தளை அண்டா, மோட்டார் கொட்டகையின் இரும்புக் குழாய், அம்மிக்கல், பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, பட்டறையில் கொல்லர் இரும்பைச் சாத்துகிற அடைகல். ஒவ்வொன்றிலும் மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. 1948-இல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷாஃபர் என்பவர் ரயில் சத்தங்களைப் பதிந்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு அதையே இசையாக்கினார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்துக்குள் உட்கார்ந்து காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். நம் ஊரில் பதிய வேண்டிய சத்தம் எவ்வளவோ இருக்கிறது.

சரி, நிரலுக்கு வருகிறேன். கணினிக்கு ஒரு அடி விழுந்தது எப்படித் தெரியும்? பதிவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்குப் போடும். முந்தைய துண்டைவிட எங்கே திடீரென்று பலம் கூடுகிறதோ அங்கே ஒரு அடி தொடங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். சத்தம் குறைவதைக் கண்டுகொள்ளாது, கூடுவதை மட்டும்தான் பார்க்கும். பைத்தானில் இதற்கு லிப்ரோசா என்ற நிரலகம் இருக்கிறது, பிரையன் மெக்ஃபீயும் நண்பர்களும் எழுதியது. இலவசம். அதன் இயல்பான அமைப்பில் ஒரு நொடிச் சத்தத்தை 22,050 தடவை அளந்து வைத்திருக்கும், அந்த அளவுகளுக்கு மாதிரிகள் என்று பெயர், 512 மாதிரிகளாகத் தாண்டித் தாண்டி முன்னே நகரும். அதாவது சுமார் 23 மில்லிநொடிக்கு ஒருமுறை காதைத் தீட்டிக் கேட்கிறது. தவிலின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விரல்கூடு பட்டுத் தெறிக்கும் அடியை அது அநேகமாக விடுவதே இல்லை. படத்தை வெட்டி ஒட்டுவது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற ஃபிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இதுவும் இலவசம்.

ஆக, ஒரு பக்கம் தாத்தா வாசித்த தவில் பதிவு, அதில் அடி விழும் நேரங்களின் பட்டியல். இன்னொரு பக்கம் 23 கிளிப்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் அடி விழுவதாகத் தோன்றும் ஃபிரேம் எது என்று நான் கையால் குறித்தேன். இதை மட்டும் நிரலிடம் விடவில்லை. நெட்டி தலையில் படுவதற்கு முன்னாலேயே அத்தை கண்ணை மூடிவிடுகிறார். பார்ப்பவர்களுக்கு அடி விழுவது கண் மூடும் ஃபிரேமில்தான். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆளுக்கு ஒரு எண், 23 வரி, அவ்வளவுதான்.

முதலில் ஓட்டிப் பார்த்தபோது தொடக்கம் அருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் லேசாகத் தள்ளாடியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் படம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் போய்விட்டது. இரண்டு ராத்திரி தேடினேன். காரணம் இதுதான். தாத்தா வாசித்தது நிமிடத்துக்கு 80 தட்டு வேகம். ஒரு தட்டு 0.75 நொடி. அதை நாலாகப் பிரித்தால் ஒரு மாத்திரை 0.1875 நொடி. என் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். அப்படியானால் ஒரு மாத்திரைக்கு 4.69 ஃபிரேம் வர வேண்டும். முக்கால் ஃபிரேம் என்று ஒன்று கிடையாதே, நிரல் ஒவ்வொரு துண்டையும் 5 ஃபிரேமாக முழுசாக்கியது. ஒரு மாத்திரைக்கு 12.5 மில்லிநொடி கூடுதல். அது கண்ணுக்குத் தெரியாது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டுத் தட்டுச் சுற்று ஒன்றுக்கு, 32 மாத்திரை, அங்கே 0.4 நொடி ஆகிவிடுகிறது. பத்து ஆவர்த்தனத்தில் 4 நொடி. வாய்க்காலில் மடைக்கு மடை ஒரு கை தண்ணீர் கசிந்தால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? அதே கதை.

தீர்வு ஒரு வரிதான். முந்தைய துண்டு எங்கே முடிந்தது என்று பார்த்து அடுத்ததை ஒட்டக்கூடாது. ஒவ்வொரு துண்டும் பாட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நொடியில் வர வேண்டும் என்று நேராகக் கணக்கிட்டு, அந்த இடத்துக்குப் பக்கத்து ஃபிரேமில் வைக்க வேண்டும். அப்போது சில துண்டு 4 ஃபிரேம், சில துண்டு 5 ஃபிரேம் என்று வரும். எந்த இடத்திலும் பிசகு அரை ஃபிரேமைத் தாண்டாது. இதை மாற்றிவிட்டு ஓட்டியபோது இரண்டு நிமிடமும் ஆணி அடித்தது மாதிரி நின்றது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை தாத்தாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தவிலுக்கென்றே பேர் வாங்கிய நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். தாத்தா அந்த வரிசையில் பெயர் சொல்லப்படுகிறவர் இல்லை. கல்யாணத்துக்கும் கோயில் புறப்பாட்டுக்கும் நாற்பது வருடம் வாசித்தவர். இப்போது தோள் ஒத்துழைப்பதில்லை, தவிலைத் தோளில் மாட்டி நிற்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து எனக்காக அரை மணி நேரம் வாசித்தார். பலாமரத் தவில், அவர் அப்பா வைத்திருந்தது.

கைப்பேசியை நீட்டினேன். முழுசாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் சொன்னார்: “என்னா பாப்பா, எல்லா அடிக்கும் ஒருத்தர் தலையில போடுற? பாக்குறவன் எப்ப மூச்சு வாங்குவான்?”

எனக்கு முதலில் புரியவில்லை. எல்லா அடியிலும் படம் மாறுவதுதானே திறமை? அதற்குத்தானே இத்தனை பாடு? அவர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார், “இதுல சமம் எதுன்னு ஒன் பொட்டிக்குத் தெரியுமா?”

தெரியாது. தாளச் சுற்று தொடங்கும் தட்டுதான் சமம், அது உண்மையிலேயே தெரியாது. தாளத் தட்டைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் லிப்ரோசாவிடம் விட்டிருந்தேன். அதில் இருப்பது டேனியல் எல்லிஸ் 2007-இல் எழுதிய முறை. சீரான இடைவெளியும் வேண்டும், ஒவ்வொரு தட்டும் பலமான அடிமேலும் உட்கார வேண்டும், இந்த இரண்டுக்கும் நடுவில் சிறந்த பாதையைத் தேடுவது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 120 தட்டு இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு தேடும். மேற்கத்திய நடனப் பாட்டுக்கு அது பொருந்தும். தாத்தாவின் 80-ஐ அது 160 என்று சொன்னது. 120-க்கு 80-ஐவிட 160 பக்கம் என்பதால். அதை நானே பாதியாக்கிச் சரிப்படுத்தினேன். ஆனால் தட்டு கிடைத்ததே தவிர வட்டம் கிடைக்கவில்லை. எந்தத் தட்டில் தாளம் பிறக்கிறது என்று அது சொல்லாது, அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. நாலு தட்டுக்கு ஒருமுறை பெரிய டங், ஒரு தட்டுக்குள் நாலு சின்ன டங் என்று எழுதியது நான். தாத்தா நடுவில் ஒரு தட்டை ஐந்தாகப் பிரிக்கும் நடைக்குப் போய், தகதகிட தகதகிட என்று ஓட்டிய இடத்திலும் என் டங் நாலு நாலாகவே விழுந்துகொண்டிருந்தது.

“அடிக்கிறதுக்குப் பேரு தவில் இல்ல பாப்பா. விட்டு அடிக்கிறதுக்குப் பேரு தவில்” என்றார். அப்புறம் ஒரு தீர்மானம் சொல்லிக் காட்டினார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு இந்தப் பொங்கலில் கிடைத்ததே இதுதான். தீர்மானம் என்பது ஒரே சொல்கட்டை, அதாவது தாளச் சொற்களின் ஒரு கோவையை, மூன்று தடவை சொல்லி, மூன்றாவது முடிந்த கையோடு அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், சமத்தில், வந்து இறங்குவது. ஒரு சொல்கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் மௌனத்துக்குக் கார்வை என்று பெயர். மூன்று சொல்கட்டு, நடுவில் இரண்டு கார்வை. ஆதி தாளத்தில் எல்லாம் சேர்த்து 32 மாத்திரை வர வேண்டும். சொல்கட்டு 10 மாத்திரை என்றால் கார்வை 1. சொல்கட்டு 8 என்றால் கார்வை 4. சொல்கட்டு 6 என்றால் கார்வை 7. மூன்றுமே 32-தான். கணக்கில் மூன்றும் ஒன்று, காதில் மூன்றும் வேறு.

வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் எழுதி ஓட்டினேன். முதல் சொல்கட்டில் சின்னச் சின்ன முகங்கள் வேகமாக வந்து போகும். கார்வையில் சுத்தியல் கையிலிருந்து நழுவி அந்தரத்தில் நிற்கும், அத்தை அண்ணாந்து பார்ப்பார். இரண்டாம் முறையும் அதே. மூன்றாவது முடிந்ததும் சமத்தில் டங். கார்வை 1 என்றால் 0.19 நொடி, அத்தை அண்ணாந்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. கார்வை 4 என்றால் முக்கால் நொடி, பரவாயில்லை. கார்வை 7 என்றால் 1.3 நொடி. அந்த 1.3 நொடியில் சுத்தியல் நிற்கிறது, அத்தையின் கண் மேலே போகிறது, வாய் திறக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை. நான் தனியாக அறையில் உட்கார்ந்து, நானே வெட்டிய படத்தை நூறாவது தடவை பார்த்து, வாய்விட்டுச் சிரித்தேன். தாத்தா ‘த தி , கி ண தொம்’ என்று ஆறு மாத்திரைக்குச் சொல்லிக் காட்டிவிட்டு, கையை அப்படியே காற்றில் நிறுத்திவைத்தாரே, அந்தக் கை என் கண் முன்னால் நின்றது.

நகைச்சுவை நடிகர்களின் நேரம் என்று நாம் சொல்வதும் தவிலில் கார்வை என்று சொல்வதும் ஒரே பொருள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. மேலிருந்து சுத்தியல் விழும் காட்சியை 18 வருடம் மறக்காமல் வைத்திருந்தோம் என்றால், தலையில் பட்டதற்காக மட்டும் இல்லை.

நிரலை மாற்றினேன். இப்போது அது தட்டைத் தேடுவதில்லை. சமம் எங்கே, நடை எது, சொல்கட்டுக்கு எத்தனை, கார்வைக்கு எத்தனை என்று ஒரு சின்னக் கோப்பில் நான் எழுதிக் கொடுக்கிறேன். அதை வைத்து அது அடிகளைப் பொருத்திக்கொள்கிறது. தாத்தா உணர்ச்சியில் லேசாக முன்னே பின்னே போகும் இடங்களை மட்டும் பதிவிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மனுசனிடம் கேட்க வேண்டியதை மனுசனிடமும், இயந்திரம் செய்ய வேண்டியதை இயந்திரத்திடமும் பிரித்துக் கொடுத்ததும் நிரல் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது ராகம். அத்தையின் “அய்யோ”வையும் என் டங்குகளையும் மோகனத்தின் ஐந்து சுரத்தில் வைத்து ஒரு சின்ன மெட்டு கட்ட ஆசைப்பட்டேன். இங்கே இரண்டு பாடம். குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் முறை, அலையை அதன்மேலேயே கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது. எவ்வளவு தள்ளினால் அலை தன்னோடு தானே பொருந்துகிறதோ, அந்த இடைவெளியிலிருந்து சுருதி கிடைக்கும். 1997-இல் ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வுப் பதிவுகளை ஆராய்ந்தவர். பூமிக்குள் வெடித்து, எதிரொலியைக் கேட்டு, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு. டெல்டாக்காரர்களுக்கு அந்த வெடி தெரியும். வயலில் குழி போட்டுக் கம்பி இழுத்து வைப்பதைச் சின்ன வயதில் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது தெருவே பேசியது. அந்தக் கணக்கின் இன்னொரு கிளைதான் இன்று பாட்டுக்காரர்களின் சுருதியைத் திருத்துகிறது என்று படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கு அத்தையின் குரலுக்கு வேலை செய்தது, அண்டாவுக்குச் செய்யவில்லை. குரலில் அடிப்படைச் சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக மேற்சுரங்கள் அடுக்கியிருக்கும். அண்டாவும் தண்டவாளத் துண்டும் அப்படி இல்லை, அவற்றின் மேற்சுரங்கள் முழு மடங்கில் வராது. அதனால் அலை தன்னோடு பொருந்துவதே கிடையாது. நிரல் ஒரே அண்டாவுக்கு மூன்று முறை மூன்று சுருதி சொன்னது. டங்கைச் சுரமாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அது அடியாகவே இருக்கட்டும். அடைகல்லின் டங்கைத்தான் கடைசியில் வைத்தேன், அதில் ரீங்காரம் குறைவு, சமத்தில் பளிச்சென்று நிற்கிறது.

அத்தையின் குரலை முதலில் ஐந்து சுரத்திலும் தட்டையாக நிறுத்தினேன். சுருதி சுத்தமாக வந்தது, அத்தை காணாமல் போய்விட்டார். அந்த வளைவு போனதும் அது யார் குரலாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. வளைவை அப்படியே விட்டு, மொத்தக் குரலையும் மேலேயோ கீழேயோ தூக்கி வைத்தபோது திரும்பி வந்தார். நாதசுரக்காரர்கள் சீவாளியில் ஒரு சுரத்தை அசைத்து இழைப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, தட்டையான சுரம் கொஞ்சம் பசித்த மாதிரிதான் இருக்கும்.

காணும் பொங்கல் ராத்திரி, பிள்ளையார் கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். உறியடியும் இசை நாற்காலியும் முடிந்து எல்லாரும் புழுதியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாத்தாவுக்கு முன் வரிசையில் நாற்காலி. இரண்டு நிமிடம் பத்து நொடி. தங்கள் முகம் வரும்போது ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு கூச்சல். கடைசித் தீர்மானத்துக்கு அப்பாவை வைத்திருந்தேன், அவருக்குத் தெரியாது. முதல் கார்வையில் சுத்தியல் நழுவி நின்றது, அப்பா அண்ணாந்தார். கூட்டம் அமைதியானது. இரண்டாம் கார்வையில் எங்கிருந்தோ ஒரு குழந்தை “தாத்தா, தலை!” என்று கத்தியது.

அந்த ராத்திரிச் சத்தத்தையும் ஒரு கைப்பேசியில் பின்னாலிருந்து பதிந்து வைத்திருந்தேன். மறுநாள் அதையே என் நிரலுக்குக் கொடுத்து, சத்தம் எங்கே ஏறுகிறது என்று கோடாக வரைந்து பார்த்தேன். டங்குக்குப் பிறகு பெரிய மலை மாதிரி ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஏறித்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு தொடங்கியது அங்கே இல்லை. இரண்டாம் கார்வையின் நடுவில், படத்தில் எந்தச் சத்தமும் இல்லாத இடத்தில், கோடு மேலே கிளம்பிவிட்டது. டங் வரும்போது தெரு ஏற்கெனவே பாதிச் சிரிப்பில் இருந்திருக்கிறது. அந்தக் கோட்டுப் படத்தை அச்செடுத்துத் தாத்தாவிடம் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, “இங்கதான விட்டோம்?” என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன்.

அடுத்ததற்கு மிஸ்ர சாப்பு கொடுத்திருக்கிறார். தகிட தகதிமி, ஏழு. நாலு சுற்று சேர்த்தால் 28 மாத்திரை. சொல்கட்டு 8 என்றால் கார்வை 2, சொல்கட்டு 6 என்றால் கார்வை 5, சொல்கட்டு 4 என்றால் கார்வை 8. அத்தைக்கு இப்போது இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. அஞ்சு பத்தாதுடி, எட்டு வை, நான் இன்னும் கொஞ்சம் நேரம் அண்ணாந்து பாக்குறேன் என்கிறார். நாளைக்கு எட்டு வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.